அணைந்தெழும் திரை

நுழையும்முன்

பயன்பாட்டுப் பொருள் ஒன்று பழுதடைந்தால் அதை ஒதுக்கி வைப்போம். அல்லது தெரிந்தவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்போம். பழுது எங்கே இருக்கிறது என்று தேடிச் செல்வதும் கல்வியின் ஒரு பகுதியே. அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லும் அத்தேடலை, ஒரு வீட்டின் பழைய மடிக்கணினியை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

காவிரியின் ஒரு கரையில் ஈரோடு, மறுகரையில் பள்ளிபாளையம். விசைத்தறியின் ஓசை இரவிலும் அடங்காத ஊர் அது. அங்கே தறிக்கூடத்தை ஒட்டிய வீடொன்றில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஒரு தாய் மடிக்கணினியின்முன் அமர்வார். பதினைந்து பெண்களைக் கொண்ட மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு அவரே ஊக்குநர். வாரந்தோறும் வரும் சேமிப்பும் தவணையும் குழுவின் பேரேட்டில் எழுதப்படும். ஆனால், ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிய வட்டிக் கணக்கும் கடன் நிலுவையும் கணினியின் விரிதாளில் மட்டுமே இருந்தன. பேரேட்டைக்கொண்டு அவற்றை மறுபடி கணக்கிடலாம். அதற்குப் பல நாள்கள் ஆகும். அதற்குள் யாரேனும் ஒருவர், “என் கணக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டுவிட்டால், குழுவை இத்தனை ஆண்டுகள் கட்டிக் காத்த நம்பிக்கையில் விரிசல் விழுந்துவிடும்.

அந்த மடிக்கணினி, மகன் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு வழங்கியது. தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன்பின் பல்லாயிரம் வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே. இவ்வீட்டுக் கணினிக்கும் ஏழெட்டு வயது ஆகியிருந்தது. மகன் வேலை தேடிச் சென்னை சென்றபின் தாயும், பதினோராம் வகுப்புப் படிக்கும் மகளும் அதைப் பயன்படுத்தி வந்தனர்.

ஒரு வெள்ளிக்கிழமை, கணக்குப் பாதியில் நின்றது. திரை இருண்டது. சில நொடிகளில் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றிக் கணினி தானாகவே மீண்டும் தொடங்கியது. தாய் பதறினார்.

“இன்னிக்குப் போட்ட கணக்கெல்லாம் போயிருச்சா கண்ணு?”

“கடைசியா சேமிச்சது வரைக்கும் இருக்கும்மா. அதுக்கப்புறம் போட்டதுதான் போயிருக்கும்.”

அன்று மட்டும் நான்குமுறை அவ்வாறு நேர்ந்தது. மகனிடம் தொலைபேசியில் கேட்டபோது, “ஃபார்மட் போட்டுரு பாப்பா, சரியாயிரும்” என்றான். எதையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் நோய் நீங்கிவிடும் என்பது கணினியைப் பயன்படுத்துவோரிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. ஃபார்மட் செய்வதென்றால் வட்டில் உள்ளவற்றை அழித்து, இயக்க அமைப்பை மறுபடி நிறுவுவதாகும். பழுது மென்பொருளில் இருந்தால் அது பயன் தரலாம். வன்பொருளில் இருந்தால் கணக்கும் அழியும், பழுதும் நீங்காது. எதில் என்று தெரியாமலேயே மருந்து கூறப்பட்டுவிட்டது.

முதலில் காக்க வேண்டியது

பழுதுபார்ப்பதில் முதற்படி பழுதுபார்ப்பதன்று. இழக்கக் கூடாததை வேறிடத்தில் சேர்ப்பதே முதற்படி. அடிக்கடி நின்று எழும் கணினியில் இது எளிய செயலன்று. கோப்பொன்று எழுதப்படும் நேரத்தில் மின்னோட்டம் அறுந்தால் அக்கோப்பே சிதைந்துபோகலாம். எனவே, மாணவி இரவு முழுவதும் கணினியை அணைத்து வைத்தாள். விடியற்காலையில் எழுந்து அதை இயக்கினாள். எதையும் திருத்தாமல், முதலில் விரிதாள்களை மட்டும் விரலியில் படியெடுத்தாள். கணக்குகள் அளவில் மிகச் சிறியவை. ஒரு நிமிடமும் ஆகவில்லை. அதன்பின் அண்ணனின் சான்றிதழ்ப் படிகள். அதன்பின் குடும்ப ஒளிப்படங்கள். அளவில் பெரிய திரைப்படங்களை அவள் தொடவே இல்லை. எது பெரியது என்பதை விடுத்து, எது மீண்டும் கிடைக்காதது என்பதை வைத்து அவள் வரிசை வகுத்தாள். படியெடுத்த கோப்புகளை அண்டை வீட்டுக் கணினியில் திறந்து பார்த்து, அவை முழுமையாக இருப்பதை உறுதி செய்துகொண்டாள். திறந்து பார்க்காத படி, படியே இல்லை.

‘எப்போது’ என்னும் வினா

திங்கட்கிழமை பள்ளியின் கணினி அறிவியல் ஆசிரியையிடம் அவள் சென்றாள். “கணினி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது டீச்சர்” என்றாள். ஆசிரியை விடை கூறவில்லை, “அடிக்கடின்னா எப்போ?” என்று கேட்டார். அவளால் சொல்ல இயலவில்லை. “நாலு நாள் எழுதி எடுத்துட்டு வா” என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார். கணினியைத் தொடங்கிய நேரம், அது நின்ற நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, மின்னேற்றி இணைக்கப்பட்டிருந்ததா, கணினி எதன்மேல் வைக்கப்பட்டிருந்தது ஆகிய ஐந்தும் அக்கட்டத்தில் இருந்தன.

தானாக மீள்தொடங்குதல் என்பது நோயன்று, அறிகுறி. காய்ச்சலைப் போன்றது அது. காய்ச்சலுக்குக் காரணம் நூறாக இருக்கலாம். அதிக வெப்பம், பழுதடைந்த நினைவகம், தளர்ந்த மின்னிணைப்பு, வலுவிழந்த மின்கலம், சிதைந்த வட்டு, பொருந்தாத மென்பொருள், தீநிரல் என இதற்கும் பல காரணங்கள் உண்டு. சில நேரங்களில் நோயே இல்லாமலும் இருக்கும்: புதுப்பிப்புகளை நிறுவியபின் இயக்க அமைப்பு தானே கணினியை மீள்தொடங்கச் செய்வது இயல்பு. இவற்றுள் எது என்பதைக் கணினியைத் திறப்பதற்கு முன்பே பெருமளவு கண்டுகொள்ளலாம். அதற்குத் திருப்புளி வேண்டாம்; ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

நான்கு நாள்களில் அந்தத் தாள் பேசத் தொடங்கியது. மேசைமீது வைத்தபோது 23 நிமிடங்களில் நின்றது; மெத்தைமீது வைத்தபோது 11 நிமிடங்களில் நின்றது. காணொலி ஓடியபோது 9 நிமிடங்களே தாங்கியது. விடியற்காலையில் 38 நிமிடங்கள் ஓடியது. ஒருமுறை நின்று எழுந்தபின் அடுத்த நிறுத்தம் 6 நிமிடங்களில் வந்தது; அதற்கடுத்தது 5 நிமிடங்களில். ஒரு மணிநேரம் அணைத்து வைத்துத் தொடங்கினால் மீண்டும் 22 நிமிடங்கள் கிடைத்தன.

இந்த எண்களுள் கடைசி மூன்றே மிகவும் கருதத்தக்கவை. நின்று எழுந்த கணினியில் மென்பொருள் புத்தம்புதிதாகத் தொடங்குகிறது. முன்னர் நடந்தது அதற்கு நினைவில்லை. பின் ஏன் இரண்டாம் முறை விரைவில் நிற்க வேண்டும்? முதல்முறை ஓடியதன் சுவடு எங்கோ எஞ்சியிருக்கிறது. ஓய்வு தந்தால் அச்சுவடு மறைகிறது. மீள்தொடங்கினாலும் மறையாமல், ஓய்வில் மட்டும் மெல்ல மறையும் சுவடு வெப்பமே. மெத்தையும் விடியற்காலைக் குளிர்ச்சியும் இதற்குச் சான்று கூறின. மெத்தை, கணினியின் அடிப்பகுதியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

பிற காரணங்களை விலக்குதல்

ஒரு காரணத்தின்மேல் ஐயம் எழுந்தவுடன் அதையே பற்றிக்கொள்வது தேடுவோர் பலரும் செய்யும் பிழை. ஐயத்திற்கு எதிரான சான்றையும் தேட வேண்டும். மாணவி மூன்று சோதனைகளைச் செய்தாள்.

மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் மட்டும் இயக்கினாள். 22 நிமிடங்களில் நின்றது. மின்கலத்தைக் கழற்றிவிட்டு மின்னேற்றியில் மட்டும் இயக்கினாள். ஏறத்தாழ அதே நேரத்தில் நின்றது. இரண்டு வழிகளிலும் ஒரே விளைவு என்பதால், மின்வழங்கலின்மேல் இருந்த ஐயம் பெரிதும் குறைந்தது. தறிகள் ஓடும் ஊரில் மின்னழுத்த ஏற்ற இறக்கமே காரணம் என்று தாய் உறுதியாக நம்பியிருந்தார். அவர் எண்ணியது பொருளற்றதன்று. ஆனால், மின்கலத்தில் ஓடும்போது தெருவின் மின்னழுத்தம் கணினியை எட்டுவதில்லை.

அடுத்தது மென்பொருள். அந்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பும் நிறுவப்பட்டிருந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது. அவ்வீட்டில் ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. இப்போது அது நல்லதொரு சாட்சியாக அமைந்தது. விண்டோஸில் பழுது இருந்தால் லினக்ஸ் நிற்காமல் ஓட வேண்டும். லினக்ஸும் 24 நிமிடங்களில் நின்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இயக்க அமைப்புகளில் ஒரே பழுது, ஒரே நேர அளவில் இருக்க வாய்ப்பில்லை. ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் இச்சோதனையில் தெளிவாயிற்று.

மூன்றாவதாக, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டை அவள் பார்த்தாள். கணினிக்குள் நடப்பவற்றை இயக்க அமைப்பு நாள், நேரத்துடன் அதில் குறித்து வைக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் பின்னால் ‘கெர்னல்-பவர் 41’ என்னும் பதிவு இருந்தது. இப்பதிவைக் கண்டவுடன் மின்வழங்கலே பழுது என்று கொள்வோர் பலர். உண்மையில், ‘கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றுவிட்டது’ என்பதற்கு மேல் அது எதையும் கூறுவதில்லை. இறப்புச் சான்றிதழில் நாளும் நேரமும் மட்டும் இருந்து, காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைப் போன்றது அது. எனினும், ஒன்றை அது விலக்கியது. மென்பொருள் ஒன்று முறைப்படி மீள்தொடக்கத்தைக் கேட்டிருந்தால் 1074 என்னும் எண்ணுள்ள பதிவு இருக்கும். அது இல்லை.

தெரியுமா?

கணினிப் பழுதைப் ‘பூச்சி’ என்று பொருள்படும் ‘பக்’ என்னும் சொல்லால் குறிப்பது வழக்கம். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி பிழையாக இயங்கியபோது, அதன் மின்காந்த இணைப்பி ஒன்றினுள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருப்பதைப் பணியாளர்கள் கண்டனர். அப்பூச்சியைப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தனர். அப்பதிவேடு ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால், அச்சொல் அன்று பிறந்ததன்று. தாமஸ் ஆல்வா எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே தம் கடிதமொன்றில் பொறிகளின் குறைகளை அச்சொல்லால் குறித்துள்ளார்.

வெப்பத்தின் வழி

மடிக்கணினியின் செயலி பரப்பில் விரல்நகத்தை ஒத்தது. அவ்வளவு சிறிய இடத்தில் தோன்றும் வெப்பத்தை வெளியேற்ற, அதன்மேல் ஒரு செம்புத்தகடு அழுந்தியிருக்கும். தகட்டிலிருந்து தட்டையான செம்புக் குழாய் ஒன்று கணினியின் ஓரத்திற்குச் செல்லும். குழாயினுள் சிறிதளவு நீர்மம் உண்டு. செயலியின் பக்கத்தில் அது ஆவியாகி வெப்பத்தை ஏந்திச் செல்லும்; ஓரத்தில் குளிர்ந்து மறுபடி நீர்மமாகித் திரும்பும். ஓரத்தில் சீப்பின் பற்களைப்போல் நெருக்கமாக அமைந்த மெல்லிய உலோகத் தகடுகள் வெப்பத்தைப் பெற்றுக்கொள்ள, விசிறி அவற்றின் இடையே காற்றைச் செலுத்தும். செயலிக்கும் செம்புத்தகட்டிற்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத இடுக்குகள் இருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே, அவ்விடுக்குகளை நிரப்ப வெப்பப்பசை பூசப்படுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பசை காய்ந்து வெடித்துவிடும்.

பெரும்பாலான மடிக்கணினிச் செயலிகளுக்கு 100 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையே எல்லை. செயலியினுள் உள்ள வெப்ப உணரி அவ்வெல்லையைக் கண்காணிக்கிறது. வெப்பம் எல்லையை நெருங்கினால் செயலி முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன்பிறகும் வெப்பம் ஏறினால், எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி நின்றுவிடும். சில கணினிகள் அப்படியே அணைந்து கிடக்கும். சில உடனே எழும். இவ்வீட்டில் கணினி சில மாதங்களாகவே மெதுவாக இயங்கி வந்தது. “வயசாயிருச்சு, அப்படித்தான்” என்று அதை விட்டுவிட்டனர். நிறுத்தத்திற்கு முன்னோடியாக வந்த அறிகுறி அது. வயது என்னும் ஒரு சொல்லால் மூடிவிட்டதால் அது கவனிக்கப்படாமல் போயிற்று. முதியவர்களின் உடல்நோய்க்கும் இது நேர்வதுண்டு.

வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருளை நிறுவி அவள் பார்த்தபோது, நிற்பதற்குச் சற்றுமுன் 97 பாகை என்று காட்டியது. இனித் திறந்து பார்ப்பது ஒன்றே எஞ்சியிருந்தது.

திறந்தபோது

சனிக்கிழமை, ஆசிரியையின் முன்னிலையில் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் அப்பணி நடந்தது. மின்னேற்றியும் மின்கலமும் கழற்றப்பட்டன. உள்ளே தேங்கியிருக்கும் மின்னூட்டம் வடியும்பொருட்டுத் தொடக்கப் பொத்தான் சிறிதுநேரம் அழுத்திப் பிடிக்கப்பட்டது. நம் உடலில் தேங்கும் நிலைமின்னூட்டமும் நுண்சில்லுகளைக் கெடுக்கவல்லது. ஆகவே, சன்னலின் இரும்புக் கம்பியைத் தொட்டபின்னரே மாணவி கணினியைத் தொட்டாள்.

அடிமூடியில் பதினொரு திருகாணிகள் இருந்தன. அவை ஒரே நீளமுடையவை அல்ல. நீளமான திருகாணியைக் குட்டையானது இருந்த இடத்தில் முடுக்கினால் தாய்ப்பலகையைத் துளைத்துவிடும். ஒரு தாளில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே தாளில் குத்தி வைக்கச் சொன்னார் ஆசிரியை. இது பள்ளிபாளையத்துத் தறி மேஸ்திரிகளும் பின்பற்றும் முறைதான்; கழற்றிய வரிசையில் கீழே அடுக்கி வைத்து, எதிர் வரிசையில் பூட்டுவர்.

வெளியிலிருந்து பார்த்தபோது காற்றுத் துளைகள் தூய்மையாகவே இருந்தன. விசிறியின் மூடியைக் கழற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே, கம்பளித் துணியைப்போல் இறுகிய பஞ்சுப்படலம் ஒன்று வாயிலை முழுவதும் மூடியிருந்தது. தறிக்கூடத்தில் நூலிலிருந்து பறக்கும் பஞ்சை, எட்டு ஆண்டுகளாக விசிறி இழுத்து இழுத்து அங்கே நெய்து வைத்திருந்தது. இடுக்கியால் பற்றி இழுத்தபோது அது ஒரே துண்டாக வந்தது. தாய் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இந்தப் பஞ்சு நம்ம நெஞ்சுக்குள்ளயும் இப்படித்தானே போயிருக்கும்” என்றார். யாரும் விடை கூறவில்லை. தறித்தொழிலாளர் பலருக்கு மூச்சுத் தொல்லை இருப்பது அவ்வூரில் எல்லாரும் அறிந்ததே.

எஞ்சிய தூசியைத் தூரிகையாலும் காற்றாலும் நீக்கினர். காற்றைச் செலுத்தும்போது விசிறியின் இதழ்கள் சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அதன் அச்சு கெடும். காய்ந்த வெப்பப்பசையைத் தூய சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, பயற்றளவு புதிய பசையை வைத்துத் தகட்டைப் பொருத்தினர். அதிகமாகப் பூசினால் அதிகக் குளிர்ச்சி என்பது தவறு. பசையின் வேலை இடுக்கை நிரப்புவது மட்டுமே. இவற்றுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்தான்.

அன்று மாலை கணினி மூன்று மணிநேரம் இடைவிடாமல் ஓடியது. வெப்பநிலை 70 பாகையைத் தாண்டவில்லை.

மீண்டும் ஒரு நிறுத்தம்

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கணினி தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே மீண்டும் நின்று எழுந்தது. இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. நிற்பதற்கு முன் நீலத்திரை ஒன்று மின்னி மறைந்தது. அதில் இருந்ததைப் படிக்க இயலவில்லை. “பழைய சாமான் அப்படித்தான், வித்துட்டுப் புதுசு வாங்கிக்கலாம்” என்றான் அண்ணன்.

நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். பொருள்களைப் பழுதுபார்ப்போருக்கும் அது பொருந்தும். எல்லாப் பழுதையும் நீக்கியே தீருவது என்பது பிடிவாதம். இரண்டாவது தடங்கலிலேயே கைவிடுவது சோர்வு. எவ்வளவு செலவு, எவ்வளவு நாள், அதன்பின் எவ்வளவு காலம் பயன்படும் என்பவற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும். புதிய கணினிக்குப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். அவ்வீட்டிற்கு அது மூன்று மாத வருவாய்.

மாணவி மறுபடியும் தாளை எடுத்தாள். கணினி குளிர்ந்திருக்கும்போதே நிற்கிறது. வெப்பநிலை 45 பாகைதான். எனவே, இது பழைய பழுதன்று, வேறொன்று. நீலத்திரை நிலைத்து நிற்க ஒரு வழி உண்டு. இயக்க அமைப்பில் கடும்பிழை நேரும்போது உடனே மீள்தொடங்க வேண்டும் என்னும் அமைப்பு விண்டோஸில் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். கணினியின் பண்புகளுள் ‘தொடக்கமும் மீட்பும்’ என்னும் பகுதியில் அந்தத் தேர்வை நீக்கிவிட்டால், பிழைச்செய்தி திரையிலேயே நிற்கும். அவ்வாறு நீக்கியபின் அடுத்த நிறுத்தத்தில் செய்தி தெரிந்தது: ‘மெமரி மேனேஜ்மென்ட்’.

ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே உள்ளது. அதை இயக்கினால், கணினி மீள்தொடங்கி, இயக்க அமைப்பு ஏறுவதற்கு முன்பே நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதியும் படித்தும் பார்க்கும். சோதனை வன்பொருள் சிக்கல் இருப்பதாகக் காட்டியது.

இவ்வளவு காலம் இல்லாத நினைவகச் சிக்கல் சனிக்கிழமைக்குப் பின் எப்படி வந்தது? மாணவி தயங்கித் தயங்கி ஒன்றை ஒப்புக்கொண்டாள். விசிறியைத் தூய்மை செய்த அன்று, ஆசிரியை திருகாணிகளை எடுத்துவரச் சென்ற இடைவெளியில், எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் நினைவகச் சில்லை அவள் கழற்றி மாட்டியிருந்தாள். அது சரியாக அமரவில்லை. பொன்முலாம் பூசிய அதன் முனைகளிலும் ஒரு பஞ்சிழை ஒட்டியிருந்தது.

ஆசிரியை சினக்கவில்லை. “அந்தத் தாள்ல இதையும் எழுதியிருக்கணும்” என்று மட்டும் கூறினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடங்களில் கற்பிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. பழுதுபார்க்கும் கையே புதிய பழுதை உண்டாக்குவதும் உண்டு. அதை ஒப்புக்கொள்ளத் தயங்கினால் தேடல் தவறான பாதையில் நீண்டுகொண்டே போகும். முனைகள் துடைக்கப்பட்டன. சில்லைச் சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் ‘டக்’ என்று பற்றும்வரை அழுத்தினர். அதன்பின் நினைவகச் சோதனை நான்குமுறை நடத்தப்பட்டது. ஒரு பிழையும் இல்லை.

வேறு வீடு, வேறு காரணம்

எல்லாக் கணினிக்கும் பஞ்சும் நினைவகச் சில்லும் காரணமாக இருப்பதில்லை. அசைக்கும்போது மட்டும் நிற்கும் கணினியில் மின்னேற்றியின் முனையோ உள்ளிணைப்போ தளர்ந்திருக்கலாம். மின்னேற்றி மாற்றப்பட்டபின் தொல்லை தொடங்கியிருந்தால் அதன் ஆற்றலைப் பார்க்க வேண்டும். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று பொறிக்கப்பட்டது ஏறத்தாழ 65 வாட் தரும். 19 வோல்ட், 2.37 ஆம்பியர் என்பது 45 வாட்தான் தரும். முனை பொருந்துகிறது என்பதற்காக, 65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் மின்னேற்றியைத் தந்தால், வேலை மிகும்போது அது தாங்காது. மின்னழுத்தம் மட்டும் எப்போதும் ஒத்திருக்கவே வேண்டும். வாட் கூடுதலாக இருப்பதால் தீங்கில்லை.

மின்கலம் உப்பியிருப்பதைக் கண்டால் அக்கணமே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். லித்தியம் அயனி மின்கலத்தைக் குத்துவதோ அழுத்துவதோ தீப்பற்றச் செய்யும். அதைக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அடிமூடி புடைத்திருப்பது, விசைப்பலகை மேலெழுந்திருப்பது ஆகியன அதன் அடையாளங்கள். இதில் மட்டும் சோதனை செய்து பார்க்கும் ஆவல் வேண்டாம்.

வட்டிலிருந்து ‘கடக் கடக்’ என்று ஓசை எழுந்தால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது ஆபத்து. ஒவ்வோர் இயக்கமும் எஞ்சிய தரவுகளை அழிக்கக்கூடும். புதிய இயக்கி மென்பொருள் நிறுவியபின் சிக்கல் தொடங்கியிருந்தால், இன்றியமையாதவற்றை மட்டும் கொண்டு ஓடும் ‘சேஃப் மோட்’ நிலையில் இயக்கிப் பார்க்கலாம். அங்கே நிற்காமல் ஓடினால் ஐயம் மென்பொருளை நோக்கித் திரும்பும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்துவிட்டது என்பதையும் பழைய கணினி வைத்திருப்போர் கருத வேண்டும். அவ்வீட்டில் இணையப் பயன்பாட்டை மட்டும் லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டனர்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினைந்து பேரின் கணக்கும் இடையில் நிற்காமல் ஏறியது. முடித்ததும் தாய் விரலியைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு படி எடுத்துக்கொண்டார். அது இப்போது வாரந்தோறும் நடக்கிறது. கணினியின் அடிப்புறத்தில் மாணவி ஒரு காகிதச் சீட்டை ஒட்டியிருக்கிறாள். பஞ்சு நீக்கிய நாள் அதில் இருக்கிறது. அதன்கீழ் ஆறு மாதங்களுக்குப் பிந்தைய ஒரு நாளும் எழுதப்பட்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. வீட்டில் அடிக்கடி பழுதடையும் ஒரு கருவியைத் தேர்ந்துகொள்க. அது எப்போது, எந்தச் சூழலில் பழுதடைகிறது என்பதை ஒரு வாரம் கட்டமிட்டுப் பதிவு செய்து, வகுப்பறையில் படித்துக்காட்டுக.

2. ‘மின்னழுத்த ஏற்ற இறக்கமே காரணம்’ என்னும் தாயின் கருத்து எவ்வாறு விலக்கப்பட்டது? பாடப்பகுதியில் இல்லாத வேறொரு சோதனையால் அதை விலக்க இயலுமா என எண்ணி எழுதுக.

3. மாணவி தன் தவற்றை ஆசிரியையிடம் ஒப்புக்கொள்ளும் காட்சியை உரையாடலாக எழுதி நடித்துக் காட்டுக.

4. உங்கள் ஊரின் தொழிற்கூடம் ஒன்றிற்குச் சென்று, அங்குள்ள பொறிகளைப் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் தமிழ்ச்சொற்களைத் தொகுக்க.